கருவி ‘பாஸ்’ என்கிறது, கணக்கு குறைகிறது

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன், ஐயா. நிலத்தடித் தொட்டியில் தானியங்கி அளவுக் கருவி இருக்கிறது. மாதா மாதம் கசிவுச் சோதனையில் ‘பாஸ்’ என்றுதான் சீட்டு வருகிறது. ஆனாலும் சில நாட்களில் 60, 70 லிட்டர் ரோன் 95 பெட்ரோல் கணக்கில் குறைகிறது. கருவியை நம்பு என்கிறார் முதலாளி. தொட்டி ஒழுகுகிறதா?
– ஜெலுத்தோங் வாசகர்

பதில்: தம்பி, அந்தச் ‘சில நாட்கள்’ எவை என்று முதலில் பாருங்கள். விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

எண்ணெய் லாரி வந்த பிறகு மட்டும் குறைந்தால் வெப்பத்தைச் சந்தேகப்படுங்கள். 10,000 லிட்டர் பெட்ரோல் ஒரு டிகிரி செல்சியஸ் குளிர்ந்தால் 10 முதல் 12 லிட்டர் வரை சுருங்கும். மண்ணுக்குள் இருக்கும் தொட்டியைவிட 4 டிகிரி சூடாக ஒரு லாரி எண்ணெய் இறங்கினால், அது ஆறி முடியும்போது 40 லிட்டருக்கு மேல் கணக்கில் இருக்காது. ஒரு சொட்டும் வெளியே போயிருக்காது.

விற்பனை கூடும் நாளில் குறைவும் கூடுகிறதா? அப்படியானால் பம்ப் மீட்டர் கூடுதலாக ஊற்றுகிறதோ என்று அளவுக் கலத்தில் பிடித்துப் பாருங்கள். மீட்டர் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் குழாய். தொட்டிச் சோதனை நடக்கும்போது பம்ப் ஓடாது. குழாயில் அழுத்தம் இருக்காது. அதனால் குழாயின் ஓட்டை அந்தச் சீட்டில் தெரியவே தெரியாது. குழாய்க்கென்று தனிக் கசிவு உணர்கருவி உண்டு. உங்கள் நிலையத்தில் அது வேலை செய்கிறதா என்று கேளுங்கள். லாரி வந்தாலும் வராவிட்டாலும், விற்றாலும் விற்காவிட்டாலும் தினமும் ஏறத்தாழ ஒரே அளவு குறைந்தால்தான் தொட்டி மேல் சந்தேகம் வலுக்கும்.

‘பாஸ்’ என்றால் ஒழுகவே இல்லை என்று பொருளல்ல. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அளவுகோல்படி, மாதச் சோதனையில் மணிக்கு 0.2 கேலன், அதாவது முக்கால் லிட்டர், கசிந்தால் கருவி 95 விழுக்காடு அதைக் கண்டுபிடிக்க வேண்டும். பொய் எச்சரிக்கை 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. முக்கால் லிட்டர்தானே என்று தோன்றும். நாளுக்கு 18 லிட்டர், மாதத்துக்கு 500 லிட்டருக்கு மேல் என்று பெருக்கிப் பாருங்கள். அதற்குக் கீழே கசிவது அந்தச் சோதனையில் தப்பிவிடலாம்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை: சீட்டில் சோதனை நேரத்து எண்ணெய் உயரமும் இருக்கும். தொட்டி கால்வாசி மட்டும் நிரம்பியிருந்தபோது சோதித்திருந்தால், மேல் முக்கால்வாசிச் சுவரை அது சோதிக்கவே இல்லை. லாரி வந்து எண்ணெய் அமைதியான பிறகு, விற்பனை இல்லாத பின்னிரவில், தொட்டி நன்றாக நிரம்பியிருக்கும்போது ஒரு சோதனை போடச் சொல்லுங்கள். 24 மணி நேரமும் திறந்திருக்கும் நிலையமானால், இடையிடையே கிடைக்கும் ஓய்வு நேரங்களைச் சேர்த்துக் கணக்கிடும் முறை சில கருவிகளில் உண்டு.

முதலாளி கருவியை நம்பட்டும், தவறில்லை. தினக் கணக்கையும் சேர்த்து நம்பச் சொல்லுங்கள்.

கேள்வி: தொட்டியின் தானியங்கி அளவுக் கருவியில் இருக்கும் ஒரு கம்பி எப்படி எண்ணெயின் உயரத்தைச் சொல்கிறது? டிப் ஸ்டிக் என்ற அளவுக் குச்சி போதாதா?
– மாணவி, பெர்மாத்தாங் பாவ்

பதில்: கம்பி மேல் ஏறி இறங்கும் மிதவைக்குள் காந்தம் இருக்கிறது, மகளே. மேலிருந்து ஒரு மின் துடிப்பு கம்பியில் இறங்கும். காந்தத்தின் புலத்தைத் தொட்டதும் கம்பியில் ஒரு முறுக்கு அலை பிறந்து, நொடிக்கு ஏறக்குறைய 2,800 மீட்டர் வேகத்தில் மேலே திரும்பும். போய் வந்த நேரத்தை வைத்துத் தூரம். அவ்வளவுதான். அடியில் தண்ணீருக்கென்று இன்னொரு மிதவை. கம்பி நெடுக வெப்ப உணரிகள்.

டிப் ஸ்டிக் ஏன் போதாது என்பதை ஒரு கணக்கே சொல்லிவிடும். 2.5 மீட்டர் விட்டம், 6 மீட்டர் நீளமுள்ள தொட்டி படுத்த நிலையில் பாதி நிரம்பியிருக்கிறது என்று வையுங்கள். அதில் 1 மில்லிமீட்டர் என்பது 15 லிட்டர். மணிக்கு முக்கால் லிட்டர் ஒழுகினால் 1 மில்லிமீட்டர் இறங்க 20 மணி நேரம் ஆகும். எவ்வளவு கூர்மையான கண்ணும் குச்சியில் இதைப் பிடிக்க முடியாது.

கேள்வி: பெருமழை பெய்தால் எங்கள் நிலையத்தில் தண்ணீர் எச்சரிக்கை மணி அடிக்கிறது. பையன்கள் அமுக்கி நிறுத்திவிடுகிறார்கள். பரவாயில்லையா?
– நிபோங் திபால் வாசகர்

பதில்: பரவாயில்லை என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன், ஐயா. செபராங் பிறையின் தாழ்ந்த பகுதிகளில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். வெளியே நீர் மட்டம் தொட்டிக்குள் இருக்கும் எண்ணெயைவிட உயர்ந்து நின்றால், ஓட்டை வழியாக எண்ணெய் வெளியே போகாது, தண்ணீர்தான் உள்ளே வரும். எண்ணெய்க் கணக்கு குறையாததால், கசிவே இல்லை என்று எல்லோரும் நிம்மதியாக இருந்துவிடுவார்கள். நீர் இறங்கிய வறண்ட நாட்களில் அதே ஓட்டை வழியாக பெட்ரோல் மண்ணுக்குள் போகும். பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது, புற்றுநோய் உண்டாக்கும் பொருள். ஆவி சாக்கடைக்குள் தேங்கினால் தீப்பிடிக்கும். அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள அந்த மணி ஒன்றுதான் இருக்கிறது.

முதலில் எண்ணெய் இறக்கும் வாயின் மூடியையும் அதன் ரப்பர் வளையத்தையும் பாருங்கள். மழைநீர் அந்த வழியாகவே அடிக்கடி இறங்கும். வளையத்தை மாற்றினால் தீர்ந்துவிடும். அப்புறம் குச்சியில் நீர் காட்டும் பசையைத் தடவி, கருவி சொல்லும் தண்ணீர் உயரம் சரிதானா என்று பாருங்கள். மூடி சரியாக இருந்தும் மழை இல்லாத நாளிலும் தண்ணீர் ஏறினால், அந்தத் தொட்டியில் விற்பனையை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட்டுச் சோதிக்க வேண்டும். சாக்கடையில் பெட்ரோல் வாடை வந்தால் காத்திருக்காதீர்கள், உடனே அவசர எண் 999.

பையன்களிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். மணியை நிறுத்துவதற்கு முன் தேதி, நேரம், தண்ணீர் உயரம் மூன்றையும் எழுதட்டும். சோதிக்க வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.