வண்டியில உக்காந்திருந்தவன்

அன்புள்ள அண்ணா,

பெங்களூர் கம்மனஹள்ளியில இருக்கேன். எங்க தெருவுக்கு பின்னாடி வரிசையா பப்புங்க. பெண்கள் பாதுகாப்புக்காக 1 மணிக்கு பதிலா 11 மணிக்கே மூடணும்னு அபார்ட்மெண்ட் வாட்ஸப் குரூப்ல ஒரு மனு சுத்துது. கையெழுத்து போடலாமா? பொண்ணுங்களும் கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கணும்தானே? என் தம்பியும் அவன் ஃப்ரெண்ட்ஸும் வாராவாரம் அங்கதான் போறாங்க, எல்லாம் நல்ல பசங்க.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கம்மனஹள்ளின்னு பார்த்ததுமே பதில் எழுத உக்காந்துட்டேன். ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டிருக்கற தெரு அது. 2017 புத்தாண்டு ராத்திரி, வீட்டுக்கு நடந்து போற ஒரு பொண்ண ஸ்கூட்டர்ல ரெண்டு பேர் வந்து மறிக்கறாங்க, ஒருத்தன் இறங்கி அவள கண்ட இடத்துல தொட்டு வண்டிகிட்ட இழுக்கறான், அவ போராடறா, கடைசில ரோட்டுல தள்ளிட்டு போயிடறாங்க. வீட்டு சிசிடிவில பதிவாகி நாடே பார்த்துச்சு. எல்லாரும் இறங்கினவன திட்டினாங்க. எனக்கு இன்னிக்கும் கோபம் ஆறாதது வண்டியில உக்காந்திருந்தவன் மேலதான்.

ஜாக்கிரதை விஷயத்த விடுங்கம்மா. அதே ராத்திரி எம்.ஜி. ரோடுலயும் பிரிகேட் ரோடுலயும் கூட்டத்துல பொண்ணுங்கள சீண்டினதுக்கு கர்நாடக உள்துறை அமைச்சர் பரமேஸ்வரா மேற்கத்திய உடைய காரணம் சொன்னாரு. 2025 ஏப்ரல்ல மறுபடி அதே பதவியில இருந்துகிட்டு, பெங்களூர் தெருவுல ஒரு பொண்ண ஒருத்தன் சீண்டினதுக்கு, பெரிய ஊர்ல இதெல்லாம் அங்கங்க நடக்கும்னு சொல்லி அப்புறம் வருத்தம் தெரிவிச்சாரு. அவர் பேச்ச நீங்களும் பேசணுமா? படிச்சுப்புட்டு எழுதற கடிதமா இது?

மதுரையில பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டீக்கடை, விடிய விடிய திறந்திருக்கும். செகண்ட் ஷோ விட்டப்புறம் மிச்ச பூவையும் வித்துட்டு ரெண்டு அக்காக்கள் கிளம்புவாங்க. ஒருநாள் மூணு பேர் பின்னாடியே கமெண்ட் அடிச்சுட்டு வந்து, ஒருத்தன் முந்தானைய இழுத்துட்டான். கடைக்கார அண்ணாச்சி அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசல. கையில டீ வடிகட்டியோட, கடைசியா சிரிச்சுட்டு நின்னவன பார்த்து, "ஏலே, நீ வெல்டிங் பட்டறைக்காரர் மகன்தானே, அவன இழுத்துட்டு போறியா, உங்கப்பன வரச்சொல்லவா"ன்னாரு. சிரிப்பு அப்படியே நின்னுபோச்சு. அவன்தான் கூட்டாளியோட சட்டைய பிடிச்சு தரதரன்னு இழுத்துட்டு போனான். அப்புறம் அக்காக்களுக்கு ஸ்டூல் போட்டு, ஆட்டோ வந்தப்புறம்தான் விட்டாரு.

நான் சொல்றது இவ்வளவுதான், கூட நின்னு சிரிக்கறவனுக்கும் வண்டிய ஸ்டார்ட்ல வச்சிருக்கறவனுக்கும் "நான் ஒண்ணுமே பண்ணலயே"ன்னு ஒரு சாக்கு ரெடியா இருக்கு, அத பிடுங்காம எதுவும் மாறாது. சட்டமே அத ஒத்துக்கல, ஒரே எண்ணத்தோட சேர்ந்து செஞ்சா எல்லாரும் செஞ்ச மாதிரிதான், பழைய ஐபிசில 34வது பிரிவு, இப்ப பாரதிய நியாய சன்ஹிதால 3(5). ஆனா நம்ம வீட்ல "அவன் சும்மா கூடதான் போனான், பாவம்"னு சொல்லுவோம். என்ன பாவம்? உதைக்கணும்.

பெங்களூர்ல எந்த பப்புல யாரு யார் மகன்னு தெரியும்? அதனால அண்ணாச்சி வேலைய அங்க வேலை பாக்கறவங்கதான் செய்யணும். பார்சிலோனாவுல 2018ல இருந்தே நைட் கிளப்புங்களுக்கு 'நோ கயேம்' (வாய மூடிட்டு இருக்க மாட்டோம்)னு ஒரு நடைமுறை இருக்கு, மொதல்ல அந்த பொண்ண கவனி, அவ என்ன விரும்பறாளோ அதுபடி செய், அப்புறம்தான் அவன துரத்தறதெல்லாம். 2022 டிசம்பர்ல அங்க சட்டன்ங்கற கிளப்புல ஊழியருங்க அப்படித்தான் பண்ணாங்க, அழுதுட்டு வெளிய போன பொண்ண நிறுத்தி, தனி ரூம்ல உக்கார வச்சு, போலீச கூப்பிட்டாங்க. அந்த கேஸ்ல குற்றம் சாட்டப்பட்டவர் ஃபுட்பால்காரர் டானி ஆல்வெஸ், கீழ்க்கோர்ட் தண்டிச்சது, 2025ல மேல்கோர்ட் ரத்து பண்ணிடுச்சு, அது தனி விவகாரம். நம்மூர் பவுன்சர் என்ன பண்ணுவான், சண்டைன்னா ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல வெளிய தள்ளுவான். தள்ளினவன் எங்க போவான்? கேட்லயே நிப்பான், அவ வர்ற வரைக்கும்.

ஆங், மனு. 11 மணிக்கு மூடினா 11 மணிக்கு மொத்த கூட்டமும் ரோட்டுக்கு வரும், தட்டு கழுவற பொண்ணும் பில் போடற பொண்ணும் அப்பவும் இருட்டுலதான் நடந்து போவாங்க. போடறதும் போடாததும் உங்க இஷ்டம். அதவிட இந்த சனிக்கிழம தம்பி கிளம்பறப்ப கேளுங்க, அவன் நல்ல ஃப்ரெண்ட்ஸ்ல எவனாவது பக்கத்து டேபிள் பொண்ண விடாம தொந்தரவு பண்ணா இவன் என்ன பண்ணுவான்னு. "அதெல்லாம் அவன் மேட்டர்"னு சொன்னான்னா, வண்டி சாவிய வாங்கி வைங்க.