அஞ்சு தடவை படித்தும் ஏன் வரவில்லை? மூளையும் படிப்பும்: கேள்வி பதில்

வேலூரில் கை மறுவாழ்வுப் பிரிவில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக (அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குபவர்) 22 வருடம் வேலை பார்த்தவள் நான். இப்போது காட்பாடிப் பக்கத்துப் பள்ளிகளில், படிப்பில் தடுமாறும் பிள்ளைகளோடு உட்காருகிறேன். மூளை எப்படிக் கற்கிறது என்று வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

குடியாத்தத்திலிருந்து ஒரு அப்பா: மேடம், பையன் பத்தாவது. சமூக அறிவியலை அஞ்சு தடவை படிக்கிறான். கேட்டா "எல்லாம் தெரியும்"ங்கிறான். பரீட்சையில ஒண்ணும் வரமாட்டேங்குது. ஞாபக சக்தி கம்மியா?

ஞாபக சக்திக்கு ஒரு குறையும் இல்லை. திரும்பத் திரும்பப் படித்தால் வரிகள் கண்ணுக்குப் பழகிவிடும். பழகியதையெல்லாம் தெரிந்ததாகவே மனசு எடுத்துக்கொள்ளும். பரீட்சையில் முன்னால் இருப்பது வெள்ளைத் தாள். உள்ளே இருப்பதைத் தேடி வெளியே எடுக்க வேண்டும். அந்தத் தேடலை அவன் ஒரு நாளும் பழகவில்லை.

2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு குழு ஒரே பகுதியை நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரு தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்த குழுதான் முந்தியது. ஒரு வாரம் கழித்துத் தலைகீழ்: படித்தவர்களுக்கு நினைவில் இருந்தது 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61.

வேலூர்ப் புரட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை படித்ததும் புத்தகத்தை மூடி ரஃப் நோட்டில் எழுதட்டும். எந்த நாள்? 1806 ஜூலை 10. சிப்பாய்களுக்கு ஏன் கோபம்? புதுத் தலைப்பாகை; தாடி, காதணி, நெற்றிக்குறி கூடாதென்ற உத்தரவு. புரட்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த ஆங்கிலேய அதிகாரி யார்? கில்லஸ்பி. வராத இடத்தில் ஒரு நிமிடம் முட்டி மோதட்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து சிவப்புப் பேனாவில் அவனே திருத்தட்டும். நாளை மறுநாள் ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை. முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்குக் கூட்டிப்போங்கள். அகழி ஓரமாக நடந்துகொண்டே அவன் கதை சொல்லட்டும், நீங்கள் கேளுங்கள்.

ஆற்காட்டில் டியூஷன் நடத்துபவர்: கண்ணைக் கட்டிக்கிட்டுப் படிக்க வைக்கிற மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன் வகுப்பு நம்ம பக்கமும் வந்திருக்கு. சேர்க்கலாமா?

வேண்டாம். மிட்பிரெய்ன் என்கிற நடுமூளை கண் அசைவுக்கும், சத்தம் வந்த பக்கம் திரும்புவதற்கும், உடல் அசைவுக்கும் உதவுகிற பகுதி. கண்ணில் ஒளி விழாமல் எழுத்தைப் படிக்க அதனால் முடியாது. மூக்கோரம் இருக்கும் இடுக்கு வழியாகத்தான் பிள்ளை பார்க்கிறது. பார்த்ததை மறைக்கவும் சேர்த்துப் பழகுகிறது, எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அவரே: கவனத்தை அளக்கும் தலைப்பட்டை?

அதற்கும் பணம் போடாதீர்கள். நெற்றியில் மாட்டி, மூளையின் மின் அலைகளை வைத்துக் கவனத்தைக் கணிக்கிற பட்டை அது. மூளையின் மின் அலைகளை 1924-இல் முதன்முதலில் மனிதரிடம் பதிவு செய்தவர் ஹான்ஸ் பெர்கர். தலைத்தோலுக்கு வந்து சேருவது மைக்ரோவோல்ட் கணக்கில்தான், அதாவது ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில். பிள்ளை கண் சிமிட்டினால், பல்லைக் கடித்தால் அதைவிடப் பெரிய அலை வரும். வலிப்பு நோயைக் கண்டறிய டாக்டர்களுக்கு இந்தப் பதிவு மிகவும் உதவுகிறது, அது வேறு விஷயம். 2019-இல் சீனாவில் ஒரு தொடக்கப் பள்ளியில் இப்படிப் பட்டை மாட்டினார்கள். எதிர்ப்பு வந்ததும் நிறுத்தினார்கள்.

அணைக்கட்டு பக்கத்து ஆசிரியை: ஒன்றாம் வகுப்புப் பெண், 'கொ'வைப் பார்த்தால் திணறுகிறாள். மக்கு என்று வீட்டில் அடிக்கிறார்கள்.

அடிப்பதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள், டீச்சர். அந்தக் குழந்தையின் இடத்தில் இருந்து பாருங்கள். காதில் முதலில் விழுவது 'க்', பிறகு 'ஒ'. தாளிலோ கொம்பு முன்னால், க நடுவில், கால் பின்னால். ஒரே ஒலி எழுத்தின் இரு பக்கமும் பிரிந்து நிற்கிறது. நெல்லைத் தட்டில் பரப்பி, வாயால் சொல்லிக்கொண்டே விரலால் எழுத விடுங்கள். க, கெ, கொ மூன்றையும் கலந்து கேளுங்கள். கண்ணையும் காதையும் ஒரு தடவை சோதிப்பது நல்லது. எட்டு வயதிலும் இதே திணறல் என்றால் டிஸ்லெக்சியாவுக்கு (எழுத்தைப் படிப்பதில் வரும் கற்றல் குறைபாடு) பரிசோதனை செய்ய வேண்டும்.

பிசியோதெரபி மாணவர், பாகாயம்: தசைநாணை இடம் மாற்றினால் மூளைக்கு எப்படித் தெரியும், மேடம்?

தெரியாது தம்பி, கற்றுக்கொடுக்க வேண்டும். தசையை எலும்போடு இணைக்கும் நார்தான் தசைநாண்; ஒரு விரலை இயக்குவதை எடுத்து இன்னொரு விரலில் சேர்ப்பதுதான் இடம் மாற்றுவது. 1940களின் கடைசியில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு இந்த வகை அறுவை சிகிச்சையை நம் வேலூரில்தான் தொடங்கினார். கட்டைவிரல் எதிரே வராதவர்களுக்கு, மோதிர விரலை மடக்கும் இரண்டு தசைநாண்களில் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலில் சேர்ப்பார்கள். மூன்று வாரம் கழித்துக் கட்டுப் பிரிக்கிறோம். "கட்டைவிரலை அசைங்க" என்றால் ஒன்றும் நடக்காது. "மோதிர விரலை மடக்குங்க" என்பேன். கட்டைவிரல் எழுந்து வரும். அந்தக் கையில் உணர்ச்சி இல்லாததால், அசைந்தது அவருக்குக் கண்ணால்தான் தெரியும். ஒரு பெரியவர் தன் விரலையே வேற்று ஆளைப் பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரேயடியாக ஒரு மணி நேரம் செய்ய வைக்க மாட்டோம். ஐந்து ஐந்து நிமிடமாக, நாள் முழுக்கப் பல தடவை. வாரங்கள் போகப்போக மோதிர விரலை நினைக்காமலே டம்ளரைப் பிடிப்பார்.

ராணிப்பேட்டை கல்லூரி மாணவி: மூளையில் சிப் வைத்தால் படிக்கவே வேண்டாமா?

2024 ஜனவரியில் நியூராலிங்க் என்ற அமெரிக்க நிறுவனம் முதல் மனிதருக்குப் பொருத்திய கருவியில் 1,024 மின்முனைகள். கையை அசைக்க நினைக்கும்போது எழும் துடிப்புகளை எடுத்து, கணினித் திரையில் அம்புக்குறியை நகர்த்துகிறது. பாடத்தை உள்ளே ஏற்றவில்லை. உள்ளே செய்தி அனுப்பும் கருவி ஒன்று நெடுநாளாகவே இருக்கிறது: காக்ளியர் இம்ப்ளாண்ட், காது கேளாதவர்களின் உள்காதில் பொருத்தி, சத்தத்தை மின் துடிப்பாக்கிக் கேட்கும் நரம்புக்கு அனுப்புவது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே குழந்தைகளுக்குப் பொருத்துகிறார்கள். சீக்கிரம் பொருத்தினால்தான் முழுப் பலன், ஏனென்றால் கேட்கப் பழகும் வயது கடந்துவிடும். பொருத்திய மறுநாளே 'அம்மா' கேட்டுவிடாது. மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பிறகே அந்தச் சத்தம் சொல்லாகும்.

பன்னிரண்டாவது மாணவர்: ராத்திரி ரெண்டு மணி வரை படிக்கலாமா?

தூங்கு தம்பி. பகலில் படித்ததை மூளை திரும்ப ஓட்டிப் பதிய வைப்பது தூக்கத்தில்தான்.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் அம்மா (மகள் எழுதியது): எனக்குப் படிக்கத் தெரியாது. வீட்டுக்கு வர ஏழு மணி ஆகுது. பொண்ணுக்கு நான் என்னம்மா செய்ய முடியும்?

நிறைய செய்யலாம்மா. நீங்கள் சமைக்கும்போது அவளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். "இன்னைக்கு என்ன நடத்தினாங்க, எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியாவிட்டால் "ஏன்?" என்று திரும்பக் கேளுங்கள். அவள் தடுமாறும்போது திட்டாமல் மனசுக்குள் பத்து எண்ணுங்கள். அப்போதும் வராவிட்டால், போய்ப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, மூடி வைத்துவிட்டு வந்து சொல்லட்டும்.