அமெரிக்கா வரும் அம்மா அப்பாவுக்குத் தனியாக இன்சூரன்ஸ் எடுக்க வேண்டுமா?

"ஊர்ல மெடிக்கிளைம் இருக்கு, மூணு மாசம்தானே, தனியா எடுக்கணுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள். நம்மூர் மெடிக்கிளைம் பெரும்பாலும் இந்தியாவோடு சரி. ஐரோப்பா போக ஷெங்கன் விசா என்றால் 30,000 யூரோவுக்குக் காப்பீடு காட்டியே ஆக வேண்டும். அமெரிக்க விசிட்டர் விசாவுக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. அதனாலேயே பலர் அசட்டையாக விட்டுவிடுகிறார்கள்.

நான் எடுத்தேன், தப்பானதை எடுத்தேன். 2018ல் அம்மா டாலஸ் வந்தபோது 50,000 டாலர் பாலிசி மலிவாகக் கிடைத்தது. ஒருநாள் ராத்திரி கத்திரிக்காய் காரக்குழம்பு சாப்பிட்டுவிட்டு நெஞ்சு எரிகிறது என்றார். "ஈனோ இருந்தா குடுடா, போதும்." இடது தோளும் வலிக்கிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னதும் எமர்ஜென்சிக்கு ஓடினோம். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். விடிகாலையில் "அசிடிட்டிதான்" என்று அனுப்பிவிட்டார்கள். (கையில் பணம் இல்லை என்று எமர்ஜென்சியில் பார்க்காமல் திருப்பி அனுப்பக் கூடாது, 1986லிருந்து சட்டமே இருக்கிறது. பில் பின்னாலேயே வரும்.)

அதுவும் ஒரே கவரில் வராது. மருத்துவமனைக்கு ஒன்று, டாக்டருக்கு ஒன்று, ஸ்கேனைப் பார்த்துச் சொன்னவருக்கு இன்னொன்று. மொத்தம் 7,000 டாலருக்கு மேல். பாலிசியை அன்றைக்குத்தான் உட்கார்ந்து படித்தேன். எமர்ஜென்சிக்கு இவ்வளவு, ஸ்கேனுக்கு இவ்வளவு என்று தனித்தனியாகச் சில நூறு டாலர்தான் வரம்பு. இதற்கு ஃபிக்ஸட் பெனிஃபிட் என்று பெயர். அதைக் கொடுக்கவும், அம்மாவுக்கு ஏற்கெனவே பிரஷர் உண்டா என்று ஊர் டாக்டரின் பழைய சீட்டுகளைக் கேட்டார்கள். தம்பி பீரோவைக் குடைந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான்.

நீங்கள் காம்ப்ரிஹென்சிவ் பாலிசியாகப் பாருங்கள், அதாவது இப்படித் தனித்தனி வரம்பு வைக்காமல் மொத்த பில்லில் பங்கு கொடுப்பது. டிடக்டிபிள் என்று முதலில் ஒரு தொகை நம் கையிலிருந்து போகும். அதற்குப் பிறகு பல பாலிசிகளில் முதல் 5,000 டாலருக்கு 80 சதவீதம், அப்புறம் பாலிசித் தொகை வரை முழுசும் கொடுப்பார்கள். சர்க்கரை, பிரஷர் இருந்தால் 'அக்யூட் ஆன்செட்' பகுதியை வரி விடாமல் படியுங்கள். பழைய நோய் திடீரென்று முற்றினால் மட்டும்தான் அது. வழக்கமான செக்கப்புக்கும் மாத்திரைக்கும் கிடையாது. மாத்திரையை ஊரிலிருந்தே மூன்று மாதத்துக்கு, சீட்டோடு கொண்டுவரச் சொல்லுங்கள். 70 வயது தாண்டியவர்களுக்குப் பல பாலிசிகளில் தொகை சுருங்கிவிடும், அதையும் பாருங்கள்.

அம்மாவின் பில்லில் இன்சூரன்ஸ் கொடுத்தது போக மீதிப் பணத்துக்கு மருத்துவமனையைக் கூப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் விவரத்தோடு பில் வாங்கி, குறைக்க முடியுமா என்று கேட்டேன். கீரைக்காரம்மாவிடம் பேரம் பேசுகிற மாதிரி கூச்சமாகத்தான் இருந்தது. குறைத்தார்கள், மிச்சத்தைப் பத்துத் தவணையில் கட்டினேன்.