பாக்ஸ் ஹில் பற்றிக் கேட்டீர்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

போன மாதம் பாக்ஸ் ஹில்லில் எடுத்த படங்களைப் பகிர்ந்தபோது, சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று எழுதியிருந்தேன். எதிர்பார்த்ததைவிட நிறையவே வந்துவிட்டன. லண்டனுக்குத் தென்மேற்கே, சர்ரேயில், டோர்க்கிங் ஊரை ஒட்டி எழுந்து நிற்கும் குன்று அது. பதினாறு வருடமாக ஏறி இறங்குகிறேன். குளிர்காலத்தில் புதர் வெட்டப் போகும் தன்னார்வலர்களோடும் சேர்ந்துகொள்வேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, 224 மீட்டர்தான் உயரம் என்கிறார்கள். இதற்கு ஏன் இவ்வளவு கூட்டம்?

உயரத்தைப் பார்க்காதீர்கள், சரிவைப் பாருங்கள். வடக்கிலிருந்து வந்தால் மலை ஏறுவதே தெரியாது. தெற்கு விளிம்புக்கு வந்ததும் தரை சட்டென்று கீழே இறங்கிவிடும். காலடியில் டோர்க்கிங், அதற்கப்பால் வீல்ட் சமவெளி, வானம் தெளிந்த நாளில் தொடுவானத்தில் சவுத் டவுன்ஸ் குன்றுகள்.

அந்தக் காட்சிக்குள் ஒரு கதை இருக்கிறது. பூரி ஒன்று நன்றாக உப்பியிருக்கிறது, அதன் மேல்தோல் கிழிந்து போய் விளிம்பு மட்டும் நிற்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே வெதுவெதுப்பான கடல் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத பாசிகளின் சுண்ணாம்புத் துகள்கள் அதன் அடியில் படிந்து படிந்து பாறையாயின. பிற்பாடு ஆல்ப்ஸ் மலையை எழுப்பிய அதே நெருக்கல் இந்தப் பாறையையும் உப்ப வைத்தது. நடுமுதுகை மழையும் ஆறுகளும் கரைத்துக் கொண்டுபோய்விட்டன. மிஞ்சிய வடக்கு விளிம்பில் நீங்கள் நிற்கிறீர்கள், எதிரே தெரிவது தெற்கு விளிம்பு. இடையில் இருந்த கூரை முழுக்கப் போய்விட்டது. இது தெரிந்த பிறகு அங்கே போய் நின்றால் அதே காட்சி வேறு மாதிரி இருக்கும்.

கேள்வி: மோல் ஆறு கோடையில் காணாமல் போய்விடுமாமே, உண்மையா?

உண்மைதான். மோல் ஆறு இந்தக் குன்றுத்தொடரை அறுத்துக்கொண்டு வடக்கே போய் தேம்ஸில் சேர்கிறது. சுண்ணாம்புப் பாறை தண்ணீரை உறிஞ்சும், காலப்போக்கில் அதில் கரையவும் செய்யும். அதனால் ஆற்றின் படுகையிலும் கரையிலும் துளைகள் விழுந்திருக்கின்றன. மழை குறைந்த வருடங்களில் டோர்க்கிங்குக்கும் லெதர்ஹெட்டுக்கும் இடையில் தண்ணீர் அந்தத் துளைகளில் இறங்கி, தரைக்கடியில் ஓடி, லெதர்ஹெட் பக்கம் மறுபடி மேலே வரும். இடையில் சில இடங்களில் வெறும் கல்தான் கிடக்கும்.

குன்றின் மேற்குப் பக்கத்தை அரித்துச் செங்குத்தாக்கியதும் இந்த ஆறுதான். வெள்ளைப் பாறை அங்கங்கே வெளியே தெரிவதால் அந்த முகத்துக்கு 'தி வைட்ஸ்' என்று பெயர்.

கேள்வி: பெட்டிக்கும் இந்த மலைக்கும் என்ன சம்பந்தம்?

பெட்டி இல்லை, மரம். இங்கே வீட்டுத் தோட்டங்களில் கத்தரித்து வேலியாக வைத்திருப்பார்களே, சின்னச் சின்ன பளபள இலையோடு, அதுதான் பாக்ஸ் மரம். இங்கிலாந்தில் அது காட்டுமரமாக வளரும் இடங்கள் மிகக் குறைவு. வைட்ஸ் சரிவில், வேறு மரம் பிடித்து நிற்க முடியாத இடத்தில், யூ மரங்களோடு சேர்ந்து அது நிற்கிறது. மிக மெதுவாக வளரும். தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும், அவ்வளவு கனம். அந்தக் காலத்துப் பத்திரிகைப் படங்களை அச்சிட அச்சுக்கட்டை செதுக்கியது இந்த மரத்தில்தான்.

இப்போது அதற்கு ஆபத்து வந்திருக்கிறது. கிழக்காசியாவிலிருந்து வந்த ஒரு அந்துப்பூச்சி 2007-இல் பிரிட்டனில் முதலில் தென்பட்டது. அதன் புழுக்கள் பாக்ஸ் இலைகளை மொட்டையடித்துவிடும். தோட்டத்தில் என்றால் புழுவைக் கையால் பொறுக்கலாம், ஒரு காட்டுச் சரிவில் என்ன செய்வது? எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

கேள்வி: ஜனவரியில் போயிருந்தேன். ஒரு கூட்டமே மரம் செடிகளை வெட்டி எரித்துக்கொண்டிருந்தது. மலையைக் காப்பதாகச் சொல்லும் நேஷனல் டிரஸ்ட்டே இப்படிச் செய்யலாமா?

அந்தக் கூட்டத்தில் நானும் இருந்திருப்பேன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் குன்றைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் இதுதான் முக்கியம்.

பாக்ஸ் ஹில்லின் பெரிய சொத்து மரம் இல்லை, புல். சுண்ணாம்புப் பாறைமேல் மண் ஒரு சாண்கூட இருக்காது, சத்தும் குறைவு. சத்து இல்லாததால் எந்தச் செடியும் கொழுத்து வளர்ந்து மற்றதை அமுக்க முடியாது. அதனால்தான் நல்ல இடத்தில் ஒரு சதுர மீட்டருக்குள் 40 வகைச் செடிகள்வரை நெருங்கி வாழ்கின்றன. தைம், ஆர்க்கிட், காட்டுப் பயறு வகைகள் எல்லாமே கணுக்கால் உயரம்தான். ஆனால் இந்தப் புல்வெளி தானாக நிற்காது. பல நூற்றாண்டுகளாக ஆடுகள் கடித்துக் கடித்து உருவாக்கியது அது. மேய்ச்சல் நின்றால் முதலில் முரட்டுப் புல் எழும், அப்புறம் ஹாதார்ன், டாக்வுட் புதர்கள் வரும், பிறகு ஆஷ் மரங்கள். கொஞ்ச காலத்தில் நிழல் மூடிவிடும். நிழல் விழுந்த இடத்தில் அந்த 40-இல் ஒன்றிரண்டுதான் மிஞ்சும்.

ஆடு மேய்ப்பது குறைந்த பிறகு கொஞ்ச காலம் முயல்கள் அந்த வேலையைச் செய்தன. 1953-இல் மிக்ஸோமடோசிஸ் என்ற நோய் பிரிட்டனுக்கு வந்தது. சில வருடங்களுக்குள் நாட்டின் முயல்களில் பெரும்பகுதி செத்துப்போயின. புல் ஓங்கியது, பட்டாம்பூச்சிகள் விழுந்தன. அன்றிலிருந்து இன்றுவரை மனிதர்களும் மாடுகளும் சேர்ந்து புதரைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கிறோம்.

எரிப்பது ஏன் என்றும் கேட்கலாம். வெட்டியதை அப்படியே விட்டால் மக்கி உரமாகிவிடும். உரம் சேர்ந்தால் முரட்டுப் புல்லுக்குக் கொண்டாட்டம், சின்னச் செடிகளுக்கு முடிவு. நாயோடு வருபவர்கள் அதன் கழிவை எடுத்துக்கொண்டு போகச் சொல்வதும் அசிங்கத்துக்காக மட்டும் இல்லை, இதே காரணத்துக்காகவும்தான்.

கேள்வி: படத்தில் இருந்த அந்த நீலப் பட்டாம்பூச்சி பெயர் என்ன? எங்கே பார்க்கலாம்?

அடோனிஸ் நீலன். அதன் நீலத்தை எந்த கேமராவும் சரியாகப் பிடித்ததில்லை. இதன் புழு ஹார்ஸ்ஷூ வெட்ச் என்ற ஒரே செடியைத்தான் தின்னும். பயறுக் குடும்பத்துச் செடி, மஞ்சள் பூ, சுண்ணாம்பு மண்ணில்தான் வளரும். செடி இருந்தால் மட்டும் போதாது. இந்தப் பூச்சிக்கு இங்கிலாந்தே குளிர் அதிகம். புல் சில சென்டிமீட்டருக்குள் இருந்து, தெற்குப் பார்த்த சரிவில் வெயில் நேராக மண்ணைச் சுட்டால்தான் புழு பிழைக்கும். புல் ஓங்கினால் தரை குளிர்ந்துவிடும், பூச்சியும் போய்விடும்.

அப்புறம் எறும்புகள். புழு தன் உடம்பிலிருந்து இனிப்பான திரவத்தைச் சுரக்கிறது. அதைக் குடிக்க வரும் எறும்புகள் புழுவைச் சுற்றியே நின்று காவல் காக்கின்றன, பொழுது சாய்ந்தால் அதை மண்ணுக்குள் மூடியும் வைக்கின்றன. கூட்டுப்புழுவான பிறகும் பார்த்துக்கொள்கின்றன. இதைப் படித்துத் தெரிந்துகொண்டு மூன்று வருடம் கழித்துத்தான் ஒரு புழுவையும் அதன்மேல் நடந்துகொண்டிருந்த நான்கு எறும்புகளையும் நேரில் பார்த்தேன். ஈரப் புல்லில் முக்கால் மணி நேரம் படுத்துக் கிடந்தேன்.

கேள்வி: புல்வெளியில் மேடு மேடாக இருக்கிறதே, அது என்ன? குழந்தைகள் அதில் ஏறிக் குதிக்கிறார்கள்.

தயவுசெய்து வேண்டாம். மஞ்சள் எறும்புகளின் வீடுகள் அவை. உழாத பழைய புல்வெளியில் மட்டும்தான் அவ்வளவு பெரிதாக வளரும். பல மேடுகள் உங்கள் குழந்தைகளைவிட வயதில் மூத்தவை. பச்சை மரங்கொத்தி அங்கே வந்து எறும்பு தோண்டித் தின்னும். மரங்கொத்தி தரையில் என்ன செய்கிறது என்று யோசிக்காதீர்கள், அதன் சாப்பாடு அங்கேதான்.

கேள்வி: நடுவில் வெள்ளைப் பட்டையோடு கருப்பு மாடுகள் நின்றன. முட்டுமா?

பெல்டட் கேலோவே என்ற ஸ்காட்லாந்து இனம். சாதுவானவை. முரட்டுப் புல்லைத் தின்று மேலே சொன்ன வேலையைச் செய்யத்தான் விட்டிருக்கிறார்கள். கன்று கூட இருந்தால் தள்ளிப் போங்கள், நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாம்பு பயம் உண்டா?

பிரிட்டனில் விஷப்பாம்பு ஆடர் ஒன்றுதான். அதுவும் உங்கள் காலடி அதிர்ந்தால் விலகிப் போய்விடும். நான் எச்சரிப்பது உண்ணியைப் பற்றி. லைம் நோயைப் பரப்பக்கூடியது. நீளக் கால்சட்டை போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பையும் குழந்தைகளின் தலைமுடி ஓரத்தையும் பாருங்கள். கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவப்பு பரவினால் மருத்துவரிடம் போக வேண்டும், அது கடித்துச் சில வாரம் கழித்து வந்தாலும் சரி.

கேள்வி: என் மகன் உள்ளங்கை அளவு நத்தை ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். வளர்க்கலாமா?

ரோமன் நத்தையாக இருக்கும். ரோமானியர்கள் சாப்பிடக் கொண்டுவந்தது. ஓடு கட்டச் சுண்ணாம்பு வேண்டுமே, அதனால் இந்த மண் அதற்குப் பிடித்துவிட்டது. குளிர்காலத்தில் மண்ணுக்குள் போய் ஓட்டின் வாயைச் சுண்ணாம்புக் கதவால் அடைத்துக்கொண்டு தூங்கும். இங்கிலாந்தில் 2008 முதல் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது, எடுத்து வரக்கூடாது. மகனைத் திட்டாதீர்கள், அவனுக்கு எப்படித் தெரியும்? எடுத்த இடத்திலேயே அவன் கையாலேயே விடச் சொல்லுங்கள்.

கேள்வி: யாரையோ தலைகீழாகப் புதைத்திருக்கிறார்களாமே?

மேஜர் பீட்டர் லபிலியர். 1800-இல் இறந்தார். உலகம் தலைகீழாகிக் கிடக்கிறது, கடைசி நாளில் அது நிமிரும்போது நான் நேராக நிற்பேன் என்று நம்பி, தலை கீழாகப் புதைக்கச் சொன்னார். குன்றின் மேற்குப் பக்கம் நடுகல் இருக்கிறது.

கேள்வி: எப்போது, எப்படிப் போகலாம்? கைக்குழந்தையோடு முடியுமா?

லண்டன் வாட்டர்லூ நிலையத்திலிருந்து, விம்பிள்டன் வழியாக, 'பாக்ஸ் ஹில் அண்ட் வெஸ்ட்ஹம்பிள்' நிலையத்துக்கு ரயில் உண்டு, ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். அங்கிருந்து நடந்தால் ஆற்றுக்குள் வரிசையாகப் போட்ட கற்கள்மேல் கால்வைத்துத் தாண்டுவீர்கள். இரண்டாம் உலகப் போரில் அகற்றப்பட்ட கற்களுக்குப் பதில் புதிதாகப் போட்டு, 1946-இல் பிரதமர் அட்லி திறந்துவைத்தார். மழைக்குப் பிறகு அவை மூழ்கிவிடும், பக்கத்தில் நடைபாலம் இருக்கிறது. அதன் பிறகு இருநூற்றுக்கும் மேல் படிகள். தள்ளுவண்டியோடு அந்த வழி வேண்டாம். மேலே வண்டி நிறுத்துமிடம்வரை காரில் போய்விடுங்கள். அங்கிருந்து சாலமன்ஸ் நினைவு மேடைக்குச் சின்ன நடைதான். இந்தக் குன்றை 1914-இல் வாங்கி நாட்டுக்குக் கொடுத்த லியோபோல்ட் சாலமன்ஸுக்காக 1920-இல் கட்டியது. ஈரமான சுண்ணாம்புப் பாதை சோப்பு மாதிரி வழுக்கும், நான் இரண்டு தடவை விழுந்திருக்கிறேன். அடிப்பாகம் பிடிப்புள்ள காலணி போடுங்கள்.

ஆர்க்கிட் பார்க்க ஜூன். பட்டாம்பூச்சிக்கு ஆகஸ்டு நடுப்பகுதி, அடோனிஸின் இரண்டாம் தலைமுறை அப்போதுதான் வெளிவரும். பால் கலந்த மாதிரி வெளிர்நீலத்தில் பறந்தால் அது சாக்ஹில் நீலன். கண் கூசும் நீலமாக இருந்து, இறக்கையின் வெள்ளை ஓரத்தைக் கருப்புக் கோடுகள் குறுக்கே வெட்டினால் அடோனிஸ். காலை பத்து மணிக்கு மேல், வெயில் ஏறியதும், தெற்குச் சரிவில் பாதையோரமாக உட்காருங்கள். தேடி அலைய வேண்டாம், அவையே வந்து பக்கத்துப் பூவில் உட்காரும்.