இறுகிப்போன ஸ்ப்ராக்கெட்டுக்கு எந்தப் புல்லர் வாங்கலாம்?

கேள்வி: பழைய இயந்திரம் ஒன்றில் டிரைவ் ஸ்ப்ராக்கெட்டின் (செயினை ஓட்டும் பற்சக்கரம்) பற்கள் தேய்ந்துவிட்டன. ஷாஃப்ட் 25 மி.மீ. அதை ஷாஃப்டோடு இறுக்கும் தலையில்லாத கிரப் ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு, பின்னாலிருந்து சுத்தியலால் அடித்தும் அசையவில்லை. மூன்று கால் புல்லர் (பிடித்து இழுத்துக் கழற்றும் கருவி) வாங்கினால் கழன்றுவிடுமா?

பதில்: முதலில் சுத்தியலை ஓரமாக வையுங்கள். பின்னாலிருந்து விழும் ஒவ்வொரு அடியும் ஷாஃப்ட் வழியாக பேரிங்கில்தான் இறங்குகிறது.

புல்லருக்குச் செலவழிக்கும் முன், கிரப் ஸ்க்ரூ இருந்த துளையைக் கம்பியால் சுரண்டி, டார்ச் அடித்துப் பாருங்கள். அதிர்வில் தளராமலிருக்க ஒரே துளையில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஸ்க்ரூ போடுவது உண்டு. அடியில் அறுகோணக் குழி தெரிந்தால் இன்னொன்று உள்ளே இருக்கிறது. அது இருக்கும்வரை எந்தப் புல்லரும் உதவாது. ஹப்பின் (ஸ்ப்ராக்கெட்டின் தடித்த நடுப்பகுதி) முகப்பில், புஷ்ஷும் ஹப்பும் சேருமிடத்தில் துளைகள் இருந்தால் அது டேப்பர் புஷ், அதாவது ஹப்புக்குள் செருகி ஷாஃப்டை இறுக்கும் கூம்பு வளையம். அதற்குப் புல்லரே வேண்டாம். ஸ்க்ரூக்களைக் கழற்றி, புஷ் பக்கம் மரையுள்ள காலித் துளையில் ஒன்றைப் போட்டு முடுக்கினால் பிடி விட்டுவிடும்.

இரண்டும் இல்லையென்றால், பிடித்திருப்பது துருதான். மூன்று கால் புல்லர் பல்லின் ஓரத்தைப் பிடிப்பதால் தட்டு வளையும், கால் நழுவும், சாய்வாக இழுபட்டு இன்னும் இறுகும். ஹப்புக்குப் பின்னால் இடைவெளி இருந்தால் இரு பாதியாகப் பிரியும் பேரிங் செப்பரேட்டரை, அதில் பொருந்தும் புல்லரோடு சேர்த்து வாங்குங்கள். அது ஹப்பையே தாங்கிப் பிடிக்கும். துருநீக்கி எண்ணெயை முதல்நாளே விட்டு ஊறவையுங்கள். மறுநாள் புல்லரை முடுக்கி, ஹப்பின் ஒரு பக்கம் கனமான இரும்பை அண்டக்கொடுத்து, எதிர்ப்பக்கம் தட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால் எண்ணெயைத் துடைத்துவிட்டு ஹப்பை மட்டும் ஹீட் கன்னால் சூடாக்குங்கள். ஷாஃப்ட் சூடேறாமல் ஹப் மட்டும் 100 டிகிரி ஏறினால் 25 மி.மீ. துளை சுமார் 0.03 மி.மீ. விரியும். பார்வைக்குத் தெரியாது, ஆனால் துருவின் பிடி விட அது பெரும்பாலும் போதும். அருகில் ஆயில் சீல் இருந்தால் நிதானம் தேவை, ரப்பர் கருகிவிடும்.

எப்படியும் தூக்கிப் போடப்போகும் ஸ்ப்ராக்கெட்தானே, கடைசி வழியாக அறுத்தும் எடுக்கலாம். கீ (ஷாஃப்டும் ஹப்பும் சேர்ந்து சுழல இடையில் செருகிய இரும்புத் துண்டு) இருக்குமிடத்துக்கு நேர் மேலே கிரைண்டரால் கீறுங்கள். ஹப் அங்கேதான் மெலிசு. பிளேடு ஆழமாகப் போனாலும் காயம் கீக்குத்தான், ஷாஃப்டுக்கு அல்ல. பிறகு உளியால் நெம்பினால் ஹப் விரியும்.

புதியது வாங்க, பல் எண்ணிக்கை, துளை, கீ அகலம், ஹப் நீளம் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். 08பி, 40 என்ற இரண்டு வகைச் செயினுக்கும் பிட்ச் (அடுத்தடுத்த பின்களின் இடைவெளி) 12.7 மி.மீ.தான், ஆனால் ரோலர் விட்டம் 8.51, 7.92 என்று வேறுபடும். செயினில் பொறித்துள்ள எண்ணைப் பார்த்தே கேளுங்கள். செயினையும் கூடவே மாற்றுங்கள். நீண்டுபோன பழைய செயின் புதுப் பற்களைச் சீக்கிரமே தின்றுவிடும்.