ஆர்.இ.எம். என்ற அமெரிக்க ராக் பேண்டை இப்போதுதான் கேட்க ஆரம்பிக்கிறேன். முதல் ஆல்பமான 'மர்மர்' இருக்கும்போது, அதற்கு முன் வந்த 'க்ரானிக் டவுன்' இபியையும் (ஆல்பத்தைவிடச் சின்ன, சில பாட்டுகள் மட்டுமே உள்ள வெளியீடு) கேட்க வேண்டுமா?

கேட்டே ஆக வேண்டும், அதுவும் மர்மருக்கு முன்னால், ஒரே மூச்சில். ஐந்தே பாட்டு, மொத்தம் 20 நிமிடம். திருவான்மியூரில் பறக்கும் ரயில் ஏறி ஹெட்போனை மாட்டினால் சேப்பாக்கம் வருவதற்குள் ஏறக்குறைய முடிந்துவிடும்.

நான் தலைகீழாகத்தான் கேட்டேன். கல்லூரி விடுதியில் ஒரு சீனியர் அண்ணனின் ஹார்ட் டிஸ்கிலிருந்து ஆர்.இ.எம். பாட்டையெல்லாம் காப்பி செய்தபோது, இந்த ஐந்தும் 'டெட் லெட்டர் ஆஃபீஸ்' என்ற தொகுப்பின் கடைசியில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. 1987இல் அந்தத் தொகுப்பு சிடியாக வந்தபோது அப்படித்தான் சேர்த்திருந்தார்கள், தனி சிடியாக வந்தது 2022இல்தான். அதனால் ரொம்ப நாள் இவை மீந்துபோன பாட்டுகள் என்றே நினைத்திருந்தேன். உண்மையில் இவை வந்தது 1982 ஆகஸ்டில், மர்மர் அடுத்த ஏப்ரலில். இந்த ஐந்தில் ஒன்றுகூட மர்மரில் கிடையாது.

ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் என்ற கல்லூரி ஊரைச் சேர்ந்த நான்கு பேர், 1981 அக்டோபரில், வட கரோலைனாவில் மிட்ச் ஈஸ்டர் தன் பெற்றோர் வீட்டு கராஜில் நடத்திவந்த ஸ்டுடியோவுக்குப் போய்ப் பெரும்பகுதியைப் பதிவு செய்தது இது. பின்னால் இதை வெளியிட்ட ஐ.ஆர்.எஸ். என்ற ரெக்கார்ட் கம்பெனி அப்போது அவர்களை ஒப்பந்தம் செய்திருக்கவில்லை, அதனால் டேப்பைத் திருப்பி ஓட்டிப் பார்க்கவும் மனதுக்குத் தோன்றிய சத்தத்தையெல்லாம் சேர்க்கவும் முடிந்தது. 'கார்டனிங் அட் நைட்' பாட்டில் பீட்டர் பக்கின் கிட்டாரைக் கவனியுங்கள். கார்டை (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) மொத்தமாக அடிக்காமல் கம்பி கம்பியாகப் பிரித்து வாசிக்கிறார், சோலோ என்று தனியாக ஒன்றும் இல்லை, ஆனாலும் பாட்டு முழுக்க அந்தக் கிட்டார்தான் ஓடிக்கொண்டிருக்கும். மைக்கேல் ஸ்டைப் என்ன பாடுகிறார் என்பது பாதிக்கு மேல் புரியாது. அது ஒரு குறையே இல்லை. தெலுங்கு தெரியாமலேயே மார்கழியில் தியாகராஜர் கீர்த்தனை கேட்டு உருகுகிற ஊர் நம்முடையது, வார்த்தை பிடிபடாத குரலைக் கேட்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். மர்மருக்காக ஐ.ஆர்.எஸ். முதலில் ஸ்டீபன் ஹேக் என்ற தயாரிப்பாளரை வைத்துப் பார்த்தது. 'கேடபல்ட்' பாட்டை அவர் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்ததில் ட்ரம்மர் பில் பெர்ரி சோர்ந்தே போனார். அப்புறம் பேண்டைக் கேட்காமலேயே கீபோர்டும் சேர்த்தார். இது எங்கள் ஒலி இல்லை, மிட்ச் ஈஸ்டரிடமே போகிறோம் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். ஈஸ்டரும் டான் டிக்ஸனும் சேர்ந்து தயாரித்ததுதான் நாம் இன்று கேட்கிற மர்மர். தங்கள் ஒலி எதுவென்று அந்த கராஜில் ஒருமுறை காதால் கேட்டிருந்ததால்தான் அவர்களால் 'முடியாது' என்று சொல்ல முடிந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஏன் இவ்வளவு உறுதி என்றால், நாங்கள் நான்கு பேர் கல்லூரி முடித்த வருஷம் வடபழனியில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் மூன்று பாட்டு பதிவு செய்தோம். சவுண்ட் இன்ஜினியர் 'காலியா இருக்கு தம்பி' என்று ஒவ்வொரு பாட்டிலும் கீபோர்டை நிரப்பினார். எங்களுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் பதிலுக்கு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல எங்களிடம் எதுவுமே இல்லை, வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டோம். அந்த மூன்று பாட்டும் இன்னும் என் லேப்டாப்பில் இருக்கின்றன. ஒவ்வொரு முறை க்ரானிக் டவுன் கேட்கும்போதும் அந்த அறை ஞாபகம் வரும்.

நம் ஊர் தி எஃப்16ஸ் பேண்டுக்கும் இதையேதான் சொல்வேன். 2016இல் வந்த 'ட்ரிகர்புங்க்டே' ஆல்பத்துக்கு முன்னால் அவர்களுடைய 'கலைடாஸ்கோப்' இபியைக் கேளுங்கள்.

சரி, க்ரானிக் டவுனை ஷஃபிளில் மட்டும் போடாதீர்கள். 'வுல்வ்ஸ், லோயர்' முதலில் வர வேண்டும். கடைசிப் பாட்டு 'ஸ்டம்பிள்' ஐந்தரை நிமிடத்துக்கு மேல் ஓடும், முதல் தடவை இழுப்பதுபோல் இருக்கும். ஸ்டேஷன் வந்துவிட்டதே என்று நிறுத்திவிடாமல், பிளாட்பாரத்தில் உட்கார்ந்தாவது அதை முடித்துவிட்டுப் போங்கள்.