அலெக்சாண்டிரியாவில் என்ன பார்க்கலாம்? உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் ஆறு வருடம் குடியிருந்தவள் நான். பிரமிடைப் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள், இந்தத் துறைமுக ஊரைப் பற்றி என்னிடம் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, கெய்ரோவில் தங்கிக்கொண்டு ஒரே நாளில் அலெக்சாண்டிரியா போய்வரும் பேக்கேஜ் எடுக்கலாம் என்று இருக்கிறோம். ஒரு நாள் போதுமா?

போதாது. கெய்ரோவிலிருந்து சுமார் 220 கிலோமீட்டர். ரயிலோ காரோ, போக இரண்டரை மூன்று மணி நேரம், திரும்பி வர அதே அளவு. நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். வழிகாட்டி எங்களைப் பாப்பிரஸ் விற்கும் கடையில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, கடைசியில் பாதாளக் கல்லறைக்கு நேரமில்லை என்று வண்டியைத் திருப்பிவிட்டார். இரண்டு இரவு தங்குங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த ஊருக்குப் பேர் வாங்கித் தந்தவை கலங்கரை விளக்கம், நூலகம், அலெக்சாண்டரின் கல்லறை. மூன்றுமே இன்று இல்லை. அவற்றைத் தேடி வருகிறவர்கள் கடற்கரையில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, "ஒன்றுமே இல்லையே" என்று கிளம்பிவிடுகிறார்கள். பழைய ஊர் இன்றைய ஊருக்கு அடியிலும் கடலுக்குள்ளும் கிடக்கிறது, மீதி இன்னொரு கட்டடத்தின் சுவரில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு நடந்தால் இரண்டு நாளும் பற்றாது.

கேள்வி: கலங்கரை விளக்கத்தில் ஒரு கல் கூடவா மிச்சமில்லை?

கல் இருக்கிறது, கலங்கரை விளக்கம்தான் இல்லை. கி.மு. 280 வாக்கில் கட்டி முடித்த அந்தக் கோபுரம் நூறு மீட்டருக்கும் மேல் உயரம் என்பார்கள். அதைப் பூகம்பங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றன, 1303-ல் வந்தது பெரிய அடி. மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா 1326-ல் வந்தபோது ஒரு பக்கம் மட்டும் இடிந்திருந்தது. 1349-ல் திரும்பி வந்தபோது உள்ளே நுழையவே முடியாத அளவுக்குப் பாழாகிக் கிடந்தது. அதே இடத்தில் 1477-ல் சுல்தான் காய்த்பாய் கோட்டை கட்ட ஆரம்பித்தார். கோட்டைச் சுவரில் இருக்கும் சிவப்பு கிரானைட் தூண்கள் பழைய கலங்கரை விளக்கத்துடையவை என்று ஊரில் சொல்வார்கள். இடிந்த கல் பக்கத்திலேயே கிடக்கும்போது கொத்தனார் வேறு எங்கே போவார்?

கோட்டைக்கு வெளியே கடலுக்கு அடியிலும் ஆயிரக்கணக்கான கற்கள் கிடக்கின்றன. 1994-லிருந்து பிரெஞ்சு அகழாய்வாளர்கள் அவற்றைப் பதிவு செய்து வருகிறார்கள். 2025-ல் வாசல் நிலைக் கற்கள் உட்பட 22 பெரிய கற்களைத் தூக்கினார்கள், சில கற்கள் 70, 80 டன் எடை. கோட்டை மேல்தளத்தில் நின்று கிழக்குத் துறைமுகத்தைப் பாருங்கள். நீங்கள் நிற்கும் இடம் ஒரு காலத்தில் ஃபாரோஸ் என்ற தனித் தீவு. கரையோடு சேர்க்க ஒரு பாலக்கரை போட்டார்கள், அதன் இரண்டு பக்கமும் மணல் சேர்ந்து சேர்ந்து, இன்று அதன் மேல் ஒரு முழு நகர்ப்பகுதியே இருக்கிறது.

கேள்வி: நூலகம் பழையதா, புதியதா? பிள்ளைகளுக்குப் பிடிக்குமா?

இப்போது இருப்பது 2002-ல் திறந்த புது நூலகம். பழைய நூலகம் சரியாக எங்கே இருந்தது என்பதே இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. புதியதுதானே என்று தள்ளிவிடாதீர்கள். கடலைப் பார்த்துச் சாய்ந்த 160 மீட்டர் அகல வட்டக் கூரை, அதன் கீழே படிப்படியாக இறங்கும் ஒரே பெரிய வாசிப்புக் கூடம், வெளியே அஸ்வான் கிரானைட் சுவரில் 120 எழுத்து முறைகளிலிருந்து செதுக்கிய எழுத்துகள். வாசலில் நிற்கும், அலெக்சாண்டருக்குப் பின் எகிப்தை ஆண்ட தாலமி வம்ச மன்னரின் பிரம்மாண்டச் சிலை கடலிலிருந்து எடுத்தது.

பிள்ளைகளைக் கீழே உள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குக் கட்டாயம் கூட்டிப் போங்கள். இந்த நூலகத்துக்கு அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்த தரை மொசைக், அதாவது சின்னக் கற்கள் பதித்துச் செய்த படம் ஒன்று அங்கே இருக்கிறது. கழுத்துப் பட்டை கட்டிய ஒரு நாய், பக்கத்தில் கவிழ்ந்து கிடக்கும் பாத்திரம், தப்பு செய்துவிட்டு நம்மைப் பார்க்கும் அதே முகம். இரண்டாயிரம் வருடத்துக்கும் முந்தையது. என் மகள் அதன் முன்னாலிருந்து நகரவே மாட்டாள்.

எரடோஸ்தனிஸ் கதையையும் சொல்லிக் கூட்டிப் போங்கள். பழைய நூலகத்தின் தலைவராக இருந்தவர். கோடையில் ஒரு நாள் நடுப்பகலில் தெற்கே அஸ்வானில் நிழலே விழவில்லை, அதே நேரம் அலெக்சாண்டிரியாவில் விழுந்த நிழலின் கோணம் வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு, ஆகவே இரண்டு ஊருக்கும் உள்ள தூரத்தை ஐம்பதால் பெருக்கினால் பூமியின் சுற்றளவு வந்துவிடும் என்று கணக்குப் போட்டார்.

கேள்வி: பாதாளக் கல்லறைக்கு எத்தனை படி? அம்மாவுக்கு முட்டி வலி, கூட்டிப் போகலாமா?

99 படி, சுழன்று சுழன்று இறங்கும். இறங்குவதை விட ஏறுவதுதான் சிரமம். அம்மாவை மேலே நிழலில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் போய்வருவது நல்லது. ஆனால் நீங்கள் போகாமல் இருந்துவிடாதீர்கள், இந்த ஊரில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

கோம் எல் ஷுகாஃபா என்று பெயர், ஓட்டாஞ்சில்லு மேடு என்று அர்த்தம். 1900-ல் ஒரு கழுதை திடீரென்று தரைக்குள் விழுந்ததால் இந்த இடம் வெளியே தெரிந்தது என்பார்கள். கி.பி. 2-ம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து மூன்று அடுக்காகச் செய்தது. சுழல் படிக்கு நடுவே இருக்கும் கிணறு மாதிரிப் பள்ளம் வழியாகத்தான் சடலத்தைக் கயிறு கட்டி இறக்கியிருக்கிறார்கள். கீழே போனதும் ஒரு விருந்து அறை வரும். மூன்று பக்கமும் கல் திண்ணை, இறந்தவரைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அதில் சாய்ந்துகொண்டு சாப்பிட்டார்கள். நம் வீடுகளில் திதி கொடுத்துச் சாப்பிடுகிற பழக்கம் எனக்கு அங்கே நிற்கும்போதெல்லாம் ஞாபகம் வரும்.

முக்கியமான கல்லறை அதற்கும் உள்ளே. நரித்தலை அனுபிஸ் சாமி எகிப்தியருடையது, ஆனால் இங்கே ரோமானியப் படைவீரனின் கவசம் போட்டு நிற்கிறார். வாசலில் கிரேக்கக் கதைகளில் வரும், பாம்பையே முடியாகக் கொண்ட மெதூசாவின் தலை, அதற்குக் கீழே எகிப்திய மகுடம் வைத்த பாம்பு. மூன்று நாட்டு வழக்கமும் ஒரே வீட்டில் புழங்கியது இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. முன்பு நிலத்தடி நீர் ஏறி நாசம் செய்துகொண்டிருந்தது, நீரை இறைத்து மட்டத்தைக் குறைக்கும் வேலையை 2019-ல் முடித்தார்கள்.

கேள்வி: பாம்பேயின் தூண் ஒரே ஒரு தூண்தானே, அதற்கு டிக்கெட் எடுக்க வேண்டுமா சார்?

சார் இல்லை, அக்கா என்றே சொல்லுங்கள். எடுங்கள், கல்லறையிலிருந்து கொஞ்ச தூரம்தான். பாம்பே என்ற ரோமானியத் தளபதிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, ரோமப் பேரரசர் டயோக்ளீஷியனுக்காக நிறுத்தியது. அடியும் தலையும் சேர்த்து 27 மீட்டர் வரும், நடுத்தண்டு மட்டும் இருபது மீட்டர், ஒரே கல். அஸ்வானில் வெட்டி நைல் வழியாக ஆயிரம் கிலோமீட்டர் கொண்டுவந்திருக்கிறார்கள். சுற்றிக் கிடப்பது கி.பி. 391-ல் இடிக்கப்பட்ட செராபிஸ் சாமியின் கோயில். பழைய நூலகத்தின் கிளை ஒன்று அந்தக் கோயிலில்தான் இருந்தது. தூணுக்குக் கீழே உள்ள சுரங்க வழிகளிலும் இறங்கிப் பாருங்கள்.

கேள்வி: ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஏதாவது? ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்.

கோம் எல் திக்கா. மிஸ்ர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். 1960-ல் போலந்து நாட்டவர் தோண்டத் தொடங்கி, பளிங்குப் படிகள் வைத்த ஒரு சின்ன ரோமானிய அரங்கத்தைக் கண்டார்கள். எல்லோரும் அதில் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதை ஒட்டியே வரிசையாக இருபதுக்கும் மேற்பட்ட வகுப்பறைகள் இருக்கின்றன, சுவரோரம் மாணவர்களுக்குக் கல் படிகள், ஒரு முனையில் ஆசிரியருக்கு மட்டும் உயரமான இருக்கை. கி.பி. 5, 6-ம் நூற்றாண்டுக் கல்லூரி! பழைய நூலகம் போன பிறகும் இந்த ஊர் படித்துக்கொண்டுதான் இருந்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? பறவைகள் மொசைக் உள்ள வீட்டுக்குத் தனி டிக்கெட், அதையும் வாங்குங்கள்.

கேள்வி: அலெக்சாண்டரின் கல்லறை எங்கே என்று யாருக்குமே தெரியாதா?

தெரியாது. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் வந்து பார்த்தார், கி.பி. 215-ல் இன்னொரு பேரரசர் கராகல்லா வந்தார், 4-ம் நூற்றாண்டு முடிவதற்குள் இடமே மறந்துபோயிற்று. யாராவது காட்டுகிறேன் என்றால் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: நம் மிளகு இந்த ஊருக்குத்தான் போனதாமே, உண்மையா?

உண்மை. யவனர் கப்பல் பொன்னோடு வந்து கறியோடு திரும்பும் என்று அகநானூறு பழைய சேரத் துறைமுகமான முசிறியைச் சொல்கிறதே, அந்தக் கறி, அதாவது மிளகு, செங்கடல் கரையில் இறங்கி, ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து, நைலில் படகேறி அலெக்சாண்டிரியா வந்தது. கி.பி. 2-ம் நூற்றாண்டு ஒப்பந்தம் ஒன்று வியன்னாவில் இருக்கிறது. முசிறிக்குப் போகிற வியாபாரத்துக்குக் கடன் வாங்கியதைப் பற்றிய பத்திரம், கப்பல் பெயர் ஹெர்மபொல்லோன். வந்த சரக்கில் யானைத் தந்தமும் துணியும் உண்டு, அலெக்சாண்டிரியாவில் நாலில் ஒரு பங்கு வரி. கோட்டை மேல் நின்று துறைமுகத்தைப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒவ்வொரு தடவையும் சிலிர்க்கும்.

கேள்வி: அக்கா, சைவம் கிடைக்குமா?

தாராளமாக. ஃபூல் என்று ஒரு வகை மொச்சையை மெதுவாக வேகவைத்து மசித்து, எண்ணெயும் எலுமிச்சையும் விட்டு ரொட்டியோடு தருவார்கள். அந்தப் பயறையே அரைத்துக் கீரை போட்டுப் பொரித்தால் கெய்ரோக்காரர்களுக்குத் தாமியா, இந்த ஊர்க்காரர்களுக்கு ஃபலாஃபில். நம் மசால்வடைக்கு ஒன்றுவிட்ட தம்பி. மீன் சாப்பிடுகிறவர்கள் கோட்டைப் பக்கம் உள்ள கடைகளில் மீனைப் பொறுக்கி எடை போட்டு, சுடவா பொரிக்கவா என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டியதுதான்.

கேள்வி: ஜனவரியில் போகிறோம். மழை இருக்குமா? பெண்கள் என்ன உடுத்த வேண்டும்?

சாதாரணச் சுடிதார் போதும். அபுல் அப்பாஸ் அல் முர்சி மசூதிக்குப் போகும்போது தலைக்குத் துப்பட்டா, பெண்களுக்குத் தனி வாசல்.

மழை இருக்கும். குளிர்காலத்தில் அடுத்தடுத்துப் புயல் வரும், நவ்வா என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் பெயரும் ஏறத்தாழ நாள் கணக்கும் உண்டு. நவம்பரில் வருவதற்குத் துடைப்பம் என்று பெயர், ஏனென்றால் எல்லாவற்றையும் பெருக்கிக்கொண்டு போகும். மீனவர்கள் அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் படகை எடுப்பார்கள். நவ்வா அடிக்கிற நாளில் அலை கடற்கரைச் சாலைச் சுவரைத் தாண்டி ரோட்டுக்கே வரும். அன்றைக்குக் கோட்டையை விட்டுவிட்டு கிரேக்க ரோமானிய அருங்காட்சியகத்தை வைத்துக்கொள்ளுங்கள். 2005-ல் மூடி 2023-ல் மறுபடி திறந்தார்கள், அரை நாள் தாராளமாகப் போகும்.